பெட்டி மேல் ஆயிரத்து இருநூறு வாட்ஸ்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. அந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்த அன்றும் அப்படித்தான் வந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய சாமான் என்று குனிந்தேன். ஒரு கையோடு வந்துவிட்டது. டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதன் நெற்றியில் தங்க நிறத்தில் ‘1200 வாட்ஸ்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

“எப்படி?” என்றார் என் வீட்டுக்காரர், தானே பெற்றெடுத்த மாதிரி.

“இது ஆயிரத்து இருநூறு வாட்ஸ்னா நான் ஆறடி உயரம்,” என்றேன். நான் நாலடி பத்து அங்குலம்.

நாங்கள் இருவரும் ஒரே தையல் ஆலையில்தான் வேலை செய்கிறோம். அவர் ஸ்டோர். குண்டூசியிலிருந்து ஜெனரேட்டர் வரை வாங்கிப் போடுவது அவர் பொறுப்பு. நான் எலக்ட்ரீஷியன். சட்டைப்பையில் எப்போதும் மல்டிமீட்டர் இருப்பதால் ஆலையில் என் பெயரே ‘மீட்டர்’ ஆகிவிட்டது. அவர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்புகிற ஜாதி. நான் பெட்டியைத் திறந்து பார்க்கிற ஜாதி. எப்படித்தான் பதினாறு வருடம் குடும்பம் நடத்தினோமோ!

அந்தப் பெட்டி சும்மா வரவில்லை. போன மாதம் துணிக் கிடங்கில் புகை கிளம்பியது. மைக்கில் “எல்லாரும் வெளிய வாங்க” என்று கத்தினார்கள். தையல் தளத்தில் இருந்த எண்பது பேரும் இரண்டு நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பின்பக்கம் எம்பிராய்டரி அறையில் பன்னிரண்டு பெண்கள். நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் குத்துகிற இடம் அது. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதில் வாய் வைத்துத்தான் பேச வேண்டும். ஏழு நிமிடம் கழித்துத் தலை எண்ணும்போதுதான் அவர்கள் இல்லை என்பதே தெரிந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால், ஒன்றும் நடக்காதது போலத் துணியில் ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். புகை தானாக அடங்கியது, யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் நாத்தனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ‘அறிவிப்பு எல்லா இடத்திலும் தெளிவாகக் கேட்கிறது’ என்று கையெழுத்துப் போட்டவள் நானேதான். எங்கள் ஆலையில் அந்தச் சோதனையை எப்போதும் விடுமுறை நாளில்தான் செய்வோம். வேலை கெடக் கூடாது அல்லவா? மெஷின் எல்லாம் உறங்கிக் கிடக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது. தும்மினால்கூடக் கேட்கும். பதினோரு வருடமாக அப்படியே செய்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

புதுப் பெட்டிக்கும் விடுமுறை நாளில்தான் சோதனை. மேனேஜர் எம்பிராய்டரி அறையின் நடுவில் நின்று, “கணீர்னு இருக்கும்மா!” என்றார். படிவத்தை என்னிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார், அதற்குள் என் கையெழுத்து வேண்டும்.

“மெஷின் ஓடலையே சார்,” என்றேன்.

“ஓடுறப்ப பண்ணா வேலை கெடும். எப்பவும் இப்படித்தானே?”

“எப்பவும் இப்படித்தான் சார். அதான் பன்னெண்டு பேர் உள்ளயே உக்காந்திருந்தாங்க.”

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் காலை வீட்டில் சண்டை. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார். “நீ பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிப்ப. நான் வாங்கின சாமான்னாலே உனக்கு இளக்காரம்.”

“நீங்க வாங்கினது இளக்காரமில்ல. அதுல எழுதியிருக்கிறது பொய்.”

“கம்பெனிக்காரன் பொய்யா அச்சடிப்பான்?”

“போன வருஷம் வாங்கினீங்களே, கொசு அண்டாதுன்னு ஒரு மெஷின். கொசு அதுமேலயே உக்காந்து இளைப்பாறிச்சு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தைக் காப்பாற்றிக்கொள்ள வெளியே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வாசலுக்குப் போனாள். கணவனை விட்டு வந்த பிறகு மகளோடு எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறாள். “ஏம்மா, சாப்பாட்டு டப்பாவை எடுத்துட்டுப் போ,” என்று கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். மூன்று வருடமாக எனக்கும் அவளுக்கும் இடையில் இதுதான் பிரச்சினை. கூப்பிட்டால் ஒரு ‘என்ன அண்ணி’ கிடையாது. சம்பாதிக்கிற திமிர் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அன்று உணவு இடைவேளையில் என் மேஜைக்கு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தேன். வீட்டுக்காரரையும் பிடித்து உட்காரவைத்தேன். முதலில் அதன் அடாப்டரைத் திருப்பிக் காட்டினேன். “இதைப் படிங்க.”

“இருபத்துநாலு வோல்ட், அஞ்சு ஆம்பியர்.”

“பெருக்குங்க.”

“நூத்தி இருபது.”

“உள்ள போறதே நூத்தி இருபது வாட்ஸ். வெளிய ஆயிரத்து இருநூறு எங்கேருந்து வரும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்!”

“அது ஏதோ பீக் பவராம். கடைக்காரர் சொன்னாரு.”

“கண்ணு சிமிட்டுற நேரத்துக்கு ஒரு நம்பர் வரும், அதையும் ரெண்டு மூணு தடவை கூட்டிப் போட்டிருப்பான். ‘தீ, ஓடுங்க’ன்னு சொல்றதுக்குக் கண்ணு சிமிட்டுற நேரம் போதுமா?”

வாயால் பேசி ஜெயிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அளந்து பார்க்க வேண்டும். பழைய அயர்ன் பாக்ஸிலிருந்து எடுத்த கம்பியைச் ஸ்பீக்கருக்கு இருக்கிற அதே எட்டு ஓம் தடை வருகிற நீளத்துக்கு வெட்டி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கினேன். ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கம்பி இருக்கும். வேலை அதே வேலைதான், சத்தம் மட்டும் வராது. ஸ்பீக்கரையே வைத்திருந்தால் தெருவே காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும். ஒலி எப்போது கிழிகிறது என்று தெரிந்துகொள்ள, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை, சத்தத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர் வழியாகத் தொங்கவிட்டேன். கைபேசியிலிருந்து ஒரே சீரான ‘ம்ம்’ என்ற ஒலியை உள்ளே கொடுத்து, குமிழை மெல்லத் திருப்பினேன். மீட்டர் எட்டு வோல்ட் காட்டியது, பத்து, பதின்மூன்று. பதினாறைத் தொட்டதும் ‘ம்ம்’ கரகரத்துக் கிழிந்தது. அதற்கு மேல் திருப்பினால் கிழிசல்தான் கூடியது.

“பதினாறைப் பதினாறால பெருக்கி எட்டால வகுங்க,” என்றேன்.

அவர் கணக்கில் கெட்டி. “முப்பத்திரண்டு.”

“இதுல ரெண்டு ஸ்பீக்கருக்கு வழி இருக்கு, சேத்து அறுபத்துநாலு. இதான் உங்க ஆயிரத்து இருநூறு.”

அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடிப்போயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம், பொய் சொல்ல மாட்டேன். அப்போது அவர் நிமிர்ந்து, “சரி, ஒத்துக்கறேன், ஏமாந்துட்டேன்,” என்றார். “இப்ப நீ சொல்லு. எவ்வளவு வேணும்?”

“என்னது?”

“அந்தப் பன்னெண்டு பேருக்குக் கேக்க எத்தனை வாட்ஸ் வேணும்? அறுபத்துநாலு போதுமா, போதாதா? என் தங்கச்சி உள்ள இருக்கா. நம்பர் பொய்னு சொல்லிட்ட, சரி. உண்மை என்ன?”

எனக்குத் தெரியாது. பெட்டிக்காரனைத் தோற்கடிக்கிற மும்முரத்தில் அந்தக் கேள்வியையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. மனுஷன் ஒரே வார்த்தையில் என்னை உட்காரவைத்துவிட்டார்.

“மெஷின் ஓடுறப்ப டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்,” என்றேன். “பண்ணியே தீருவேன்.”

மேனேஜரிடம் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: யாரும் எழுந்திருக்கக் கூடாது, ஒரு மெஷினும் நிற்கக் கூடாது. அதனால் ஒரு வழி செய்தேன். எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. மைக்கில் நான் இரண்டு வார்த்தை சொல்வேன். காதில் விழுந்ததை எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை. மெஷின்கள் முழு வேகத்தில் ஓடுகின்றன. மைக் இருப்பது சூப்பர்வைசரின் கண்ணாடி அறையில்; இந்தப் பக்கம் தையல் தளம், அந்தப் பக்கம் எம்பிராய்டரி அறை. குமிழை ஒலி கிழியாத இடம் வரை வைத்து, “மஞ்சள் கூடை” என்று மூன்று தடவை சொன்னேன். வீட்டுக்காரர் சீட்டுகளை வாங்கி வந்தார்.

தையல் தளத்தில் எண்பதில் எழுபத்தாறு பேர் சரியாக எழுதியிருந்தார்கள். அறுபத்துநாலு வாட்ஸ் அங்கே தாராளம். எம்பிராய்டரி அறையின் பன்னிரண்டு சீட்டில் பத்து வெற்று. ஒருத்தி ‘சம்பளம் கூட’ என்று எழுதியிருந்தாள்; ஆசை யாரை விட்டது! மிச்சம் ஒரே ஒரு சீட்டில் மணியான எழுத்தில் ‘மஞ்சள் கூடை’ என்று இருந்தது.

“இது யாரோடது?”

“என் தங்கச்சியோடது,” என்றார் அவர். “பாத்தியா, காது எவ்வளவு கூர்மை!”

எனக்கு அது ஒட்டவில்லை. அவள் உட்காருவது அறையின் கடைசி மூலை, அறையிலேயே சத்தம் அதிகமான இடம். ஸ்பீக்கருக்குக் கீழேயே உட்காருகிறவளுக்குக் கேட்கவில்லை, இவளுக்கு மட்டும் எப்படி? மீட்டர் தப்பாகக் காட்டினால் இன்னொரு தடவை அளக்க வேண்டும், அதுதான் என் வழக்கம். நான் பேசியபோது கண்ணாடி வழியாக அவளுக்கு என் முகம் நேராகத் தெரிந்திருக்கும் என்பது அப்போதுதான் என் மூளையில் தட்டியது.

உணவு மணி அடித்து மெஷின்கள் ஓய்ந்ததும், எம்பிராய்டரி பெண்கள் எழுந்திருப்பதற்கு முன்பே இன்னொரு சீட்டுக் கொடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை மைக்கை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். “நீலக் குடை” என்றேன். அறை நிசப்தம், ஸ்பீக்கரில் என் குரல் எனக்கே அதிர்ந்தது. பதினோரு சீட்டில் நீலக் குடை. நாத்தனாரின் சீட்டில் ஒன்றும் இல்லை.

“பேனா எழுதலையாம்,” என்றார் வீட்டுக்காரர்.

அவள் கை கழுவுகிற குழாயடிக்குப் போனேன். எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். அப்போது நான் செய்தது கொடுமைதான், ஆனால் வேறு வழி தெரியவில்லை. “ஸ்கூல்லேருந்து போன் வந்திருக்கு, உன் பொண்ணு கீழ விழுந்துட்டாளாம்,” என்றேன், சத்தமாக.

எந்தத் தாய் திரும்ப மாட்டாள்? அவள் நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

தோளைத் தொட்டேன். திரும்பியவள் சிரித்தாள், கண் என் வாயில் நின்றது.

“எவ்வளவு நாளா?” என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. சுற்றும்முற்றும் பார்த்தாள். “நாலு வருஷம் ஆகுது அண்ணி. மொதல்ல சின்னச் சின்னச் சத்தம் போச்சு. அப்புறம் பின்னாடி நின்னு பேசுறது போச்சு. எதிர்ல நின்னா வாயைப் பாத்துச் சமாளிச்சுக்குவேன்.”

“வீட்டுல நான் கூப்பிடுறது?”

“நீங்க கூப்பிட்டீங்கன்னே எனக்குத் தெரியாது. திரும்பிப் பாக்கறப்ப நீங்க திட்டிக்கிட்டிருப்பீங்க. அத வெச்சுத்தான் கூப்பிட்டிருக்கீங்கன்னு கண்டுபிடிப்பேன்.”

“நான் அடுப்படியில முணுமுணுக்கிறதுமா?”

“ஜன்னல் வழியாத் தெரியும் அண்ணி. அண்ணனுக்குக் கேக்காது. எனக்குத் தெரியும்.”

என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. மூன்று வருடம் வாய்க்குள்ளேயே எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன், வாழாவெட்டி என்றுகூட ஒரு தடவை. அத்தனையும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு மறுநாள் என் மகனுக்குச் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. காது கேக்காதவள அந்த மெஷின்ல வெச்சிருக்க மாட்டாங்க. பொண்ணு படிப்பு என் சம்பளத்துலதான் ஓடுது.”

“சொல்ல மாட்டேன்,” என்றேன், வாயை நன்றாக அசைத்து. “ஆனா உன்ன உள்ள விட்டுட்டு வெளிய தலை எண்ணவும் மாட்டேன். லீவு அன்னைக்கு டாக்டர்கிட்ட வர்ற. உன் அண்ணன்கிட்ட நீயே சொல்ற. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

அன்று சாயங்காலமே சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “இதுக்கு எத்தனை வாட்ஸ் வேணும், மீட்டர்?” என்றார். பதினாறு வருடத்தில் அவர் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டது அன்றுதான்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் மேஜையில் சீட்டுகளைப் பரப்பினேன். நாத்தனாருடைய இரண்டை மட்டும் என் பையில் வைத்துக்கொண்டேன்.

“மெஷின் ஓடுறப்ப எம்பிராய்டரி ரூம்ல கேக்காது சார். இது அறுபத்துநாலு வாட்ஸ்தான், அளந்துட்டேன்.”

“அப்ப நிஜமாவே ஆயிரத்து இருநூறு இருக்கறதா வாங்கிடலாம்.”

“காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியணும்னா வாட்ஸ் பத்து மடங்கு வேணும் சார். அறுநூத்தி நாப்பது வெச்சாலும் ரெண்டு மடங்குதான். அதுவும் அந்தப் பொண்ணுங்க மெஷின் சத்தம் தாங்காம காதுல துணி அடைச்சிருக்காங்க. கத்தக் கத்த இன்னும் கொஞ்சம் துணி அடைப்பாங்க. இது நடக்கற காரியமில்ல.”

“என்னதான்மா பண்ணச் சொல்ற?”

“கேக்க வைக்க முடியாது. பாக்க வைக்கலாம். மைக் பட்டனை அழுத்தினதும் அந்த ரூம்ல நாலு மூலையிலயும் சிவப்பு விளக்கு சுழலணும். ஸ்டோர்ல நாலு விளக்கு இருக்கு, கிடங்கு வண்டிக்கு வாங்கினது. வயர் நான் இழுத்துடறேன். அப்புறம் காதுக்கு நல்ல அடைப்பான் வாங்கிக் குடுங்க, துணி வேணாம்.”

“ஆம்ப்ளிஃபயரை என்ன பண்றது?”

“தையல் தளத்துக்கு அது போதும் சார். தூக்கிப் போட வேணாம். மேல இருக்கற நம்பரை மட்டும் அடிச்சுட்டேன்.” ஏற்கெனவே ஒரு காகிதத்தில் ‘64’ என்று எழுதி அந்தத் தங்க எழுத்தின் மேல் ஒட்டியிருந்தேன்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். “விளக்குப் போட்டுக்க. கையெழுத்துப் போடுவல்ல?”

“மெஷின் ஓடுறப்ப ஒரு தடவை எல்லாரும் எழுந்து வெளிய வந்து காட்டட்டும். அப்புறம் போடறேன்.”

“விடமாட்டியா?”

“மாட்டேன் சார்.”

அன்று முழுக்க ஏணியிலேயே இருந்தேன். வீட்டுக்காரர் ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கடைசி மூலையில் விளக்கை மாட்டும்போது, “இன்னும் கொஞ்சம் கீழ இறக்கு, அவ குனிஞ்சு நூல் கோக்கறப்பவும் தெரியணும்,” என்றார். இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. ஆய்வாளர் மதியம்தான் வருவார். மெஷின்கள் எல்லாம் ஓடுகின்றன. யாருக்கும் நேரம் சொல்லவில்லை. மைக்கில் வீட்டுக்காரர். நான் எம்பிராய்டரி அறையின் வெளிவாசலில், மேனேஜரோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பட்டனை அழுத்தியதும் தையல் தளத்திலிருந்து நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எம்பிராய்டரி கதவு திறக்கவில்லை. பத்து விநாடி. பதினைந்து.

கதவு திறந்தது. முதலில் வந்தவள் என் நாத்தனார், பக்கத்து மெஷின்காரியின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. பின்னாலேயே மற்றவர்கள். விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நாற்பது விநாடி. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

மேனேஜர் படிவத்தை நீட்டினார். ‘அறிவிப்பு எல்லா இடத்திலும் தெளிவாகக் கேட்கிறதா? ஆம் / இல்லை.’ நான் இரண்டையும் அடித்துவிட்டு எழுதினேன்: ‘தையல் தளத்தில் கேட்கிறது. எம்பிராய்டரி அறையில் விளக்கைப் பார்த்து, இயந்திரங்கள் ஓடும்போதே, பன்னிரண்டு பேரும் நாற்பது விநாடியில் வெளியே வந்தார்கள்.’

“ஏம்மா, ‘ஆம்’ல ஒரு டிக் போட்டா முடிஞ்சு போச்சு. இப்படி எழுதினா ஆய்வாளர் ஆயிரம் கேள்வி கேப்பாரு,” என்றவர், தனக்குப் பின்னால் நின்ற நாத்தனாரிடம் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: “நீதானே மொதல்ல வந்த? உனக்குக் கேட்டுச்சா இல்லையா, சொல்லும்மா.”

அவள் வாசலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாய் அவளுக்குத் தெரியவில்லை. பதில் வராததால் அவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பத் தொடங்கினார்.

“எங்க யாருக்குமே கேக்கல சார்,” என்றாள் பக்கத்து மெஷின்காரி.

“ஒரு எழுத்துகூடக் கேக்கல,” என்றாள் இன்னொருத்தி.

“பன்னெண்டு பேருக்கும்தான் கேக்கல. பாத்தோம், வந்துட்டோம்.” ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டே நகர்ந்து வந்து, என் நாத்தனாருக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள். பதினோரு பேரின் முகத்தையும் பார்த்தேன். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாலு வருடமாகத் தெரிந்திருந்தது.

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் எழுதியதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். பேனாவை வாங்கி அவரும் போட்டார்.